ஓதம் பார்த்துப் படித்த உயிரியல்

கடலூரில் விலங்கியல் பட்டப் படிப்பை முடித்துக்கொண்டு, 1970-களின் பிற்பகுதியில், மேற்படிப்புக்காகச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகருக்கும், பிறகு கடல் உயிரியல் பயிலும் பொருட்டு வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நான் போய்ச் சேர்ந்தபோது, விஞ்ஞானம் என்பது பெரியோர் எழுதிவைத்த உண்மைகளைப் பிழையின்றி மனத்தில் ஏற்றிக்கொண்டு, கேட்ட இடத்தில் பிழையின்றி ஒப்புவிப்பது என்னும் எண்ணமே என்னிடம் இருந்தது. அந்த எண்ணம் ஒரு மழைக்காலத்துக்கும் அதை அடுத்த கோடைக்கும் இடையில், ஒரு படகோட்டியின் வாயிலிருந்து வந்த மூன்று வாக்கியங்களால் குலைந்துபோன வரலாற்றை, இன்று எம்.எஸ்ஸி. வகுப்பிலும் ஆராய்ச்சிப் படிப்பிலும் சேர்ந்துவிட்டு, எப்படிப் படிப்பது என்று என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகளுக்காக எழுத நினைக்கிறேன்.

பரங்கிப்பேட்டையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம், பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அவர்களின் முயற்சியால் இந்தக் கழிமுகத்தின் கரையில் உருவாகி, 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமாக உயர்ந்தது. பெருநகரத்தில் மாடி மேல் மாடியாக எழுப்பாமல், வலைகள் உலரும் ஒரு கடலோர ஊரில் ஓர் ஆய்வகத்தை நிறுவ வேண்டும் என்று நினைத்தவரின் தீர்க்கதரிசனத்தை, அங்கே படித்தவர்கள் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஏதாவதொரு சந்தர்ப்பத்தில் உணர்ந்தே இருப்பார்கள். ஏனெனில் அங்கே ஜன்னலைத் திறந்தாலே பாடம் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஏறக்குறைய நன்னீராக ஓடும் அதே வெள்ளாறு, சித்திரை வைகாசியில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புடன் கடல்நீராகவே மாறி நிற்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உயிர் பிழைக்கத் தெரிந்த ஜீவராசிகள் எவை, பிழைக்கத் தெரியாதவை எங்கே போகின்றன என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் ஆயுட்காலம் முழுவதும் படிக்கலாம்.

என் வேலை மிகவும் எளிமையானதாகவே தோன்றியது. கழிமுகத்தில் குறித்த ஓர் இடத்தில் நுண்ணிய வலையைப் படகின் பின்னால் இழுத்து, நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களைச் சேகரித்து, அவற்றுள் கோப்பிபாட் என்னும் துடுப்புக்கால் படைத்த நுண்ணிய ஓட்டினங்களை வகைவாரியாக எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும். ஒழுங்கு ஒன்றே விஞ்ஞானத்தின் உயிர் என்று நம்பியிருந்த நான், திங்கட்கிழமைதோறும் காலை சரியாக 9 மணிக்கு, வாரம் தவறாமல், மழையானாலும் வெயிலானாலும் போய் வந்தேன். மாலையில் ஆய்வகத்தில் ஒரு மில்லிலிட்டர் நீர் கொள்ளும் எண்ணுதட்டில் துளியை விட்டு, நுண்ணோக்கியின் கீழ் கண் வலிக்க வலிக்க எண்ணுவேன். பன்னிரண்டு வாரம் கழித்து அந்த எண்களைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தபோது, ரம்பத்தின் பற்களைப் போல ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்கும் ஓர் அழகான கோடு கிடைத்தது. ஒரு வாரம் ஒரு வகை மிகுந்திருக்கும். அடுத்த வாரம் வேறொரு வகை. இந்தச் சிற்றுயிர்களுக்குள்ளே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழலும் ஏதோ ஓர் இனப்பெருக்கத் தாளம் இருக்கிறது என்றும், அதை நான்தான் முதலில் கண்டேன் என்றும் எண்ணி, அன்றிரவு உறக்கமில்லாமல் கட்டுரையின் தலைப்பைக்கூட எழுதிவைத்துவிட்டேன்.

மறு திங்கட்கிழமை படகில் போகும்போது, எனக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த அந்த ஊர் மீனவரிடம் உற்சாகத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “தம்பி, நீங்க ஒரு திங்கக்கிழமை ஏத்தத்துல வந்து மொள்ளுறீங்க, அடுத்த திங்கக்கிழமை வத்தத்துல வந்து மொள்ளுறீங்க. ஏத்தத்துத் தண்ணி கடலோடது, வத்தத்துத் தண்ணி ஆத்தோடது. ரெண்டுலயும் ஒரே பூச்சியா இருக்கும்?”

“அண்ணே, நான் ஒரே நேரத்துலதானே வர்றேன்?” என்றேன்.

“நீங்க கடியாரத்தப் பாத்து வர்றீங்க. தண்ணி அதப் பாத்தா வருது?”

கரைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிஷம் பின்தள்ளிப் போகிறது. ஏழு நாளில் அது ஏறக்குறைய 6 மணி நேரமாகிறது. ஏற்றத்தின் உச்சியிலிருந்து வற்றத்தின் அடிக்கு நீர் இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே 6 மணி நேரம். ஆகவே வாரந்தோறும் ஒரே மணிக்குப் போகிறவன், கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் ஆற்றை ஒரு வாரமும், ஆற்றுநீர் வடிந்து கடலை நோக்கிப் போகும் ஆற்றை மறுவாரமும், தன்னை அறியாமலே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கண்ட தாளம் உயிரினத்தினுடையது அன்று. என் கைக்கடிகாரத்துக்கும் சந்திரனுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மையின் தாளம் அது. பன்னிரண்டு வாரத்து உழைப்பை அப்படியே கட்டி வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, இம்முறை ஓதத்தின் நிலையைப் பார்த்து, ஏற்றத்தில் ஒன்றும் வற்றத்தில் ஒன்றுமாக, அமாவாசை பௌர்ணமியின் பெருக்கத்தையும் அஷ்டமி நவமியின் மந்தத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு தொடங்கினேன். இழந்தது ஒரு பருவம். ஆனால் என்னிடம் அதற்குப் பிறகு எந்த எண் வந்தாலும், எந்தப் பெரியவர் எழுதிய கட்டுரை வந்தாலும், “இது வேறெதனால் இப்படி வந்திருக்கலாம்?” என்று கேட்காமல் அதைத் தொட எனக்கு மனம் வருவதில்லை.

பட்டப் படிப்புக்கும் மேற்படிப்புக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விடையும் இதுதான். கீழ்வகுப்பில் பெயர் கேட்பார்கள், படம் வரையச் சொல்வார்கள். நினைவாற்றல் உள்ளவன் நன்றாகவே தேறிவிடுவான். மேல்வகுப்பில் ஒருவர் ஒன்றைக் கண்டேன் என்று சொல்லும்போது, அவர் கண்டதற்கும் சொன்னதற்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது என்பதை அளக்கத் தெரிய வேண்டும். நம் முன்னோர் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரித்துவைத்தார்களே, அந்தப் பிரிவை ஒவ்வொரு பக்கத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். சுருக்கத்தையும் முடிவுரையையும் கையால் மறைத்துக்கொண்டு, அவர் எங்கே, எப்போது, எத்தனை முறை, எதைக் கொண்டு அளந்தார் என்ற பகுதியையும் அட்டவணைகளையும் மட்டும் முதலில் படித்து, உங்களுக்குத் தோன்றும் முடிவை உங்கள் நோட்டில் தமிழிலேயே நாலு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு அவருடைய முடிவைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் நல்லது. வேறாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது. தமிழில் எழுதச் சொல்வது மொழிப் பற்றினால் மட்டும் அன்று. ஆங்கிலத்தில் புத்தகத்தின் வாக்கியத்தையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்துவிட்டதாக நம்பிவிடலாம், வீட்டில் பேசும் மொழியில் எழுத உட்காரும்போது புரியாத இடம் தானே வெளியில் வந்து நிற்கும்.

இதற்கு நம் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நான் பல ஆண்டுகள் முதுகலை வகுப்பில் எடுத்துப் பேசியிருக்கிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து நம் கரையோரக் குப்பங்களைச் சூறையாடிய பிறகு, பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையின் 18 குப்பங்களில் சாவையும் பொருள் இழப்பையும் கணக்கெடுத்து, கடலிலிருந்து உள்ள தூரமும், நிலத்தின் உயரமும், மறைப்பாக நின்ற தாவரங்களின் பரப்பும் மிகுந்த இடங்களில் இழப்புக் குறைந்திருந்தது என்று 2005-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் டேனியல்சன் முதலியோர் ‘சயின்ஸ்’ இதழில், கடலூர்க் கரையில் மரங்களின் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டன என்று எழுதினார்கள். சுரபுன்னைக் காடு நம்மைக் காத்தது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. 2006-இல் கெர், பேர்ட், காம்பெல் என்ற மூவர் அந்த 18 குப்பங்களின் எண்களையே எடுத்து மறுபடியும் கணக்கிட்டு, தூரத்தையும் உயரத்தையும் முதலில் கழித்துவிட்டால் தாவரத்தின் பங்கென்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். மேட்டிலும் உள்ளேயும் இருந்த குப்பங்களின் முன்னால்தான் மரமும் அதிகம் இருந்தது என்பது அவர்கள் வாதம். அதற்கும் மறுப்பு வந்தது. காட்டுக்குப் பங்கு உண்டு என்று வேறு இருவர் அதே எண்களை வேறு முறையில் ஆராய்ந்து சொன்னார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்சி கொடுத்து, மறுவாரம் கட்சியை மாற்றிவிடுவேன். காடு காத்தது என்று சொல்லும் பிள்ளைகளின் குரலில் உணர்ச்சி மிகுந்திருக்கும். என் மனமும் அந்தப் பக்கம்தான் சாயும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் நிழலில் வளர்ந்தவனுக்கு வேறெப்படி இருக்கும்? ஆனால் பிரியமான முடிவைத்தான் இருமடங்கு சோதிக்க வேண்டும் என்று அவர்களிடம் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் இது ஏட்டுச் சண்டை அன்று. மரம் நட்டுவிட்டோம், இனி அலை வந்தாலும் பயமில்லை என்று கரையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்திடம் நாம் சொல்லி, அது தவறாக இருந்துவிட்டால், அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் நாம் அல்ல. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் என்ற ஒரு காரணத்துக்காகவே அந்தக் காட்டைக் காப்பாற்றலாம். அதற்கு மேல் அதன் தலையில் நிரூபிக்கப்படாத பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கதிரேசன் அவர்களின் உழைப்பின்மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. பிணங்கள் எடுக்கப்பட்ட குப்பங்களில் நடந்து போய் அளந்து, பிறர் மறுகணக்குப் போடும்படி எண்களை அச்சில் வைத்தார்களே, விஞ்ஞானத்தில் நேர்மை என்பது அதுவன்றோ.

பிச்சாவரத்தில், ‘வேறெதனால்’ என்ற அந்தக் கேள்வியின் பயனை மண்ணிலேயே பார்க்கலாம். காட்டின் நடுவே பல இடங்கள் வெறும் உப்புத் தரையாகக் கிடந்த காலத்தில், சுற்றியுள்ள ஊரார் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்று எல்லாரும் சொல்லி வந்தார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்தபோது, முன்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக முழுக்க வெட்டியெடுத்த முறையால், வெயில் பட்ட மண் வறண்டு அமிழ்ந்து தாம்பாளம்போல் குழிந்து, உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிப்போனதே காரணம் என்று கண்டார்கள். மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி நீர் வந்துபோக வழி செய்து, வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். இன்று அங்கே படகில் போகிறவர்கள் அந்தக் கால்வாய்களின் இருபுறமும் மரம் நிற்பதைக் காணலாம். பழியை மாட்டின்மேல் போட்டிருந்தால் வேலி போட்டிருப்பார்கள், மரம் வளர்ந்திருக்காது.

வகைப்பாட்டியலைப் பலரும் வறட்டுப் பாடம் என்று அஞ்சுகிறார்கள். சிதம்பரத்துப் பிள்ளைகள் அப்படி அஞ்சுவதற்கு நியாயமே இல்லை. அந்த ஊருக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தின் லத்தீன் பெயர் எக்ஸ்கோகேரியா அகல்லோகா. முதற்சொல்லுக்குக் கண்ணைக் குருடாக்குவது என்று பொருள். அதன் பால் கண்ணில் பட்டால் என்ன நேரும் என்பது நம் மீனவர்களுக்குத் தெரிந்தது போலவே பெயரிட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. நீண்டு தொங்கும் மஞ்சள் பூங்கதிர் ஆண்; குட்டையான கதிர் பெண். முதலாண்டு மாணவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்று, வேறொன்றும் சொல்லாமல், இருபது தில்லை மரங்களைப் பார்த்து ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எழுதி வரும்படி விட்டுவிடுவேன். இருவர் எண்ணிக்கை ஒத்திருக்காது. பூக்காத மரத்தை என்ன செய்தீர்கள், ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு தண்டை ஒரு மரம் என்றீர்களா இரண்டு என்றீர்களா என்று கேட்கும்போதுதான், எண்ணுவது என்பதே ஒரு சாஸ்திரம் என்று அவர்களுக்குத் தெரியவரும். அதே காட்டில், சுரபுன்னையின் இரண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்பு மரம் ஒன்றுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அண்ணாமலாயானா என்று கதிரேசன் அவர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இனம் என்றால் என்ன என்று பரிணாமவியல் புத்தகத்தில் நாற்பது பக்கம் படிப்பதற்கு முன், அந்த மரத்தடியில் பெற்றோர் மரங்களின் இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள்.

பெயர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிறு உபாயம். பரங்கிப்பேட்டையைப் பற்றிய பழைய கட்டுரைகள் அந்த ஊரைப் போர்ட்டோ நோவோ என்றே எழுதும். அந்தப் பெயரில் தேடாதவனுக்கு எத்தனையோ ஆண்டு உழைப்பு கண்ணில் படாமலே போய்விடும். அதுபோல, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து, அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும் சிறு நண்டுகளெல்லாம் என் காலத்தில் ஊகா என்ற ஒரே பேரினத்தில் அடங்கியிருந்தன. 2016-க்குப் பிறகு அவை பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டும் தெரிந்தால்தான் நூலகம் உங்களுக்குத் திறக்கும்.

இன்னொன்று, கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் இதனால் நான் இழந்தவை அற்பமல்ல. மாதிரிப் புட்டிக்குள் போடும் சீட்டைக் கெட்டிக் காகிதத்தில், பென்சிலால் எழுதிப் போடுங்கள். என் முதல் மழைக்காலத்தில் பேனா மையால் எழுதிப் போட்ட சீட்டுகள் சாராயத்தில் கரைந்து, புட்டி முழுவதும் வெளிறிய நீலம் பரவி, சீட்டு மட்டும் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே ஒட்டிய காகிதமும் உப்புக்காற்றில் உரிந்து விழுந்துவிட்டது. உள்ளே உயிர்கள் இருந்தன. அவை எந்த நாள், எந்த இடம் என்பது போய்விட்டது. நாளும் இடமும் இல்லாத உயிர் காட்சிக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது.

நெட் தேர்வைப் பற்றியும் கேட்பார்கள். உயிர் அறிவியல் தாளின் மூன்றாம் பகுதியில் யோசித்து விடை காண வேண்டிய கேள்விகளே அதிகம். மேலே சொன்னபடி கட்டுரை படித்துப் பழகியவனுக்குத் தனிப் பயிற்சி அதிகம் வேண்டியிராது. புள்ளியியலுக்கு மட்டும் யாரும் விலக்குக் கேட்காதீர்கள். ஒரே சேற்றுத் திட்டில் பத்து இடம் தோண்டிவிட்டுப் பத்து மாதிரி என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஹர்ல்பர்ட் 1984-இல் எழுதிய ஒரு கட்டுரை தெளிவாக எடுத்துக்காட்டியது. அது பத்து அன்று. பத்து முறை பார்த்த ஒன்று. நாற்பது ஆண்டு கடந்தும், நான் பார்த்த ஆய்வேடுகளில் அதே பிழை வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கட்டுரையை முதல் பருவத்திலேயே படித்துவிடுங்கள்; கடைசிப் பருவத்தில் படித்தால் அழ மட்டுமே நேரம் இருக்கும்.

முடிக்குமுன் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓதத்தைப் பார்த்து மறுபடியும் எடுத்த என் குறிப்பேடுகள் இரண்டை, ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். அதே இடத்தில், அதே ஓத நிலையில், அதே மாதத்தில் அவள் மறுபடியும் வலை இழுத்து எண்ணினாள். அந்நாளில் அங்கே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பேச அவளுக்கு அந்த இரண்டு நோட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட நோட்டுகள் நம் துறைகளின் அலமாரி மேலும், ஓய்வு பெற்றவர்களின் பரணிலும் எத்தனையோ கிடக்கின்றன. கடலூரின் உப்பனாறு ரசாயனத் தொழிற்சாலைகள் வருமுன் எப்படி இருந்தது, கொள்ளிட முகத்தில் எந்த மட்டி எந்த மாதத்தில் எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் அவற்றில் பென்சில் எழுத்தில் இருக்கலாம். துறைக்கு வெள்ளையடிக்கும் நாளில் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதியும் இடமும் ஓத நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழுதியிருந்தால் எடுத்து வையுங்கள்.